மேட்டு பால்ட்ரி பெரிலும் ஆஸ்திரேலியா வில்லியமும்

இங்கிலாந்துக் கிராமமான எங்கள் ஹாட்லிங்ஹமில் பால்ட்ரி என்ற பெயரில் இரண்டு குடும்பங்கள் உண்டு. சர்ச்சை ஒட்டி மேட்டில் இருந்தவர்கள் மேட்டு பால்ட்ரி. ஓடைக்கரையில் இருந்தவர்கள் பள்ளத்து பால்ட்ரி. பெயர்தான் ஒன்று, மற்றபடி பங்காளி கிங்காளி எதுவும் கிடையாது. இதைச் சொல்லாமல் எந்த மேட்டு பால்ட்ரியும் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. அவர்கள் வண்டிச்சக்கரம் செய்து காசு பார்த்தவர்கள். நாங்கள் வயல்கூலிகள், சமயம் வாய்த்தால் பண்ணையாரின் காட்டில் திருட்டுத்தனமாக முயலும் பிடித்தவர்கள். நான் பள்ளத்து பால்ட்ரி. பெயர் லென். கொத்தனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொல்லிக்கொள்கிறேன், ஆனால் ஊரில் ஒரு சுவர் சாய்ந்தால் இன்னமும் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

மேட்டு பால்ட்ரிகளில் கடைசியாக மிஞ்சியவள் பெரில். கல்யாணத்துக்குப் பிறகு பெரில் க்ராக்னெல். அவளும் நானும் ஒரே பள்ளிக்கூடம், அவள் எனக்கு மூன்று வகுப்பு கீழே. அப்போதே அடுத்தவன் எழுதிய கணக்கைத் திருத்துவாள். பெரியவளாகி ஊர்த் தபாலகத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது, யாருக்கு வருவது நின்றுபோனது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மூக்கை நுழைப்பதற்கு மாதச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் அவள்தான் என்று நான் அவள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் ஒரு கனடாக்காரி கொட்டும் மழையில் நனைந்துகொண்டே தபாலகத்துக்குள் வந்தாள். தன் கொள்ளுத்தாத்தா இங்கே பிறந்தாராம், அவர் வீடு எது என்று கேட்டாள். தபால்தலைக்கு வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் பல்லைக் கடித்தோம். பெரில் கவுண்டரை இழுத்துச் சாத்திவிட்டு, அந்தப் பெண்ணோடு குடை பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். கொள்ளுத்தாத்தாவின் அப்பா கல்லறை கிடைத்தது. கனடாக்காரி கல்லைக் கட்டிப்பிடித்து அழுதாளாம். அன்றோடு பெரிலுக்குப் பித்துப் பிடித்துவிட்டது.

அதன் பிறகு இந்த ஊரைவிட்டுப் போன ஒருவனையும் அவள் விட்டுவைக்கவில்லை. கனடாவுக்குப் போனவன், நியூசிலாந்துக்குப் போனவன், தென்னாப்பிரிக்காவில் தொலைந்தவன், எல்லோரையும் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தாள். பக்கத்து நகரமான இப்ஸ்விச்சின் ஆவணக் காப்பகத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலியே உண்டு. அவள் புருஷன் ஸ்டான் வாயில் ஈ புகுந்தாலும் விரட்டாத சாது. சனிக்கிழமை தோறும் அவளைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, வெளியே உட்கார்ந்து பேப்பர் படிப்பான். அவன் இறந்த பிறகு அந்த வேலை என் தலையில் விழுந்தது. அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, எனக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது.

வியாழக்கிழமைகளில் நூலகத்தில் புதிதாகத் தேட வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பாள். சொல்லிக்கொடுப்பாள் என்றா சொன்னேன்? திட்டுவாள். பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அவளுடைய முதல் பாடம் இதுதான்: பிறந்தான் என்று எழுதியிருக்கிற ஒருவனைக் கண்டதும் நம் ஆள் என்று துள்ளக்கூடாது. அந்தக் காலத்தில் பிறந்ததில் பாதி தொட்டிலிலேயே போய்விடும். அதனால் அவன் சின்ன வயதில் செத்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். "மொதல்ல பொதைச்சுப் பாருங்க. பொதைக்க முடியலன்னாதான் அவனுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கணும்" என்பாள். தேநீர் குடித்துக்கொண்டிருக்கிற பெண்களுக்குப் புரையேறும்.

பொய் என்றால் அவளுக்கு ஆகாது. எங்கள் ஊர் கர்னல் தர்லோ, தன் மூதாதை கப்பற்படைத் தளபதி என்று சொல்லி வீட்டு முகப்பில் நங்கூரமே வைத்திருந்தார். பெரில் தோண்டிப் பார்த்தாள். தளபதி வேறு ஊர் தர்லோ. இவருடைய ஆள் பக்கத்துத் தோட்டத்தில் டர்னிப் கிழங்கு திருடி மாட்டிக்கொண்டவன். வேறு யாராவது என்றால் மென்று முழுங்கியிருப்பார்கள். இவள் வீடு தேடிப் போய்ச் சொன்னாள். கர்னல் ஒரு வருடம் அவளோடு பேசவில்லை. பிறகு நங்கூரத்தை எடுத்துவிட்டார். இப்போது விருந்துக்கு வருகிறவர்களிடம் டர்னிப் கதையைத்தான் பெருமையாகச் சொல்கிறார்.

ஊரார் குடும்பங்களையெல்லாம் ஒட்டவைத்த பெரிலுக்கு என்று யாரும் இல்லை. இதுதான் எனக்கு ஆறாத விஷயம். ஒற்றைப் பிள்ளை. பிள்ளை பிறக்கவில்லை. சித்தப்பா கல்யாணமாகாமலே போரில் செத்துப்போனார். அத்தை கன்னியாகவே காலத்தை ஓட்டினாள். அவள் வீட்டுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருக்கிற வம்ச வரைபடத்தில் மேலே நூறு பேர் இருப்பார்கள். கீழே வர வர இளைத்து, கடைசியில் இவள் ஒருத்தி. கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டில் சாப்பிட வருவாள். எனக்கோ நான்கு பிள்ளைகள், பேரன் பேத்திகள், மச்சினன் மச்சினி என்று வீடே சந்தைக்கடை. சொந்தம் என்றாலே எனக்குத் தலைவலி. அவள் அந்தச் சத்தத்துக்கு நடுவில் கிறிஸ்துமஸ் விருந்துக் காகிதத் தொப்பியைப் போட்டுக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருப்பாள். ராத்திரி கொண்டுபோய் விடும்போது, "குடுத்து வச்சவன் லென் நீ" என்பாள். நான் உர் என்று வண்டியை ஓட்டுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் நாலு வருடங்களுக்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்து மெர்வின் பால்ட்ரி என்றொருவர் மின்னஞ்சல் அனுப்பினார். கோதுமையும் ஆடும் வளர்க்கிற மனிதர், மனைவியை இழந்தவர். அவருடைய கொள்ளுத்தாத்தா வில்லியம் பால்ட்ரி இருபது வயதில் கப்பலேறி அங்கே போனாராம். ஊர் ஹாட்லிங்ஹம், தகப்பன் பெயர் ஜான் என்பது மட்டும்தான் தெரியும். தகப்பன் பெயர் ஜான் என்பது ஒரு துப்பா? அந்தக் காலத்தில் இந்த ஊரில் பாதிப் பேர் ஜான், மீதிப் பேர் வில்லியம்.

அந்த வயதுக்குப் பொருந்துகிற வில்லியம் பால்ட்ரிகள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரே வருடத்தில் ஒரே சர்ச்சில் ஞானஸ்நானம் பெற்றவர்கள், இருவருக்கும் அப்பன் பெயர் ஜான். ஒருவன் மேட்டில், ஒருவன் பள்ளத்தில். மேட்டு வில்லியம் பெரிலின் எள்ளுத்தாத்தாவுக்குத் தம்பி. பள்ளத்து வில்லியம் என் எள்ளுத்தாத்தாவுக்குத் தம்பி. தன் பாடப்படியே பெரில் சர்ச் கல்லறைக் குறிப்புகளில் மேட்டு வில்லியத்தைப் புதைத்துப் பார்த்தாள். புதைந்த தடயம் இல்லை. எங்கள் ஆளுக்கும் இல்லை. மெர்வின் பேச்சுவாக்கில், கொள்ளுத்தாத்தா சக்கரம் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரராம் என்று எழுதினார். போதாதா? சக்கரம் என்றால் மேட்டு பால்ட்ரிதான் என்று பெரில் முடிவுகட்டிவிட்டாள். அப்படியானால் எங்கள் வில்லியம் எங்கே போனான் என்று கேட்டேன். ஜெயிலுக்குப் போயிருப்பான் என்றாள். எங்கள் குடும்பத்தில் ஒருவன் காணாமல்போனால் அவள் உடனே அனுப்பிவைக்கிற இடம் ஜெயில்தான்.

அன்றிலிருந்து மெர்வ் அவளுக்கு கசின் ஆனார். ஞாயிறுதோறும் நீள நீளமாக எழுதுவார். பெரில் அவற்றை எங்கள் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டுவாள். மழை பெய்யாதது, ஆடு குட்டி போட்டது, மகள் வீட்டுச் சண்டை எல்லாம் இருக்கும். அவள் முழங்கால் எப்படி இருக்கிறது, மாத்திரை ஒத்துக்கொண்டதா என்றும் இருக்கும். என் மனைவி டோரீன் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு நாள் கேட்டாள்: "கொள்ளுத்தாத்தாவைப் பத்திக் கேக்க வந்த மனுஷன் எதுக்கு அவ முழங்காலைப் பத்தி விசாரிக்கறாரு?" குடும்பப் பாசம் என்று நான் பதில் சொன்னேன். டோரீன் என்னைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை.

இந்த வசந்தத்தில் மெர்வ் நேரிலேயே வருவதாக எழுதினார். பெரிலுக்குத் தலைகால் புரியவில்லை. விருந்தாளி அறைக்கு என்னை வைத்துச் சுண்ணாம்பு அடித்தாள். முதலில் நீலம், பிறகு பிடிக்கவில்லை என்று மஞ்சள். புதுத் திரை, புதுப் படுக்கை. ஊர்க் கூடத்தில் நாற்பது பேருக்கு மாலைத் தேநீர் ஏற்பாடு. கடையில் காய்கறி வாங்கும்போதுகூட, "என் கசின் வராரு" என்று விற்பவளிடம் சொல்லிவிட்டுத்தான் காசு கொடுப்பாள். எழுபத்தோரு வயதில் அவளை அப்படி ஒரு சந்தோஷத்தில் பார்க்க எனக்கு உள்ளூர நன்றாகத்தான் இருந்தது.

மெர்வ் வருவதற்கு முந்தின வாரம் பழைய சேப்பலில் எனக்கு ஒரு வேலை வந்தது. சேப்பல் என்பது, சர்ச் பாதிரிகளோடு ஒத்துப்போகாதவர்கள் தனியாகக் கட்டிக்கொண்ட ஜெபக்கூடம். எங்கள் பள்ளத்து ஆட்கள் சிலர் அங்கே போனதுண்டு. மேட்டு பால்ட்ரிகள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பெரிலும் அப்படியேதான். சர்ச்சில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்பது அவள் நினைப்பு. கூடம் மூடிப் பல வருடங்கள் ஆகி, இப்போது லண்டன் தம்பதி ஒன்று அதை வாங்கி வீடாக்கிக்கொண்டு குடியிருக்கிறது. பின்பக்கத்து வேலியோரம் பழைய கல்லறைக் கற்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். அதற்கு முன்னால் கறி சுடும் அடுப்பு ஒன்று கட்டித் தரச் சொன்னார்கள். செத்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கறி சுட்டுத் தின்ன லண்டன்காரர்களால்தான் முடியும்.

அடுப்புக்கு இடம் ஒதுக்கக் கற்களை ஒவ்வொன்றாக நகர்த்தினேன். ஐவிக் கொடி மூடிய ஒரு சின்னக் கல் கைக்கு வந்தது. கைப்பழக்கத்தில் பாசியைச் சுரண்டினேன். வில்லியம் பால்ட்ரி, சக்கரத் தச்சர் ஜானின் மகன், ஏழு மாதக் குழந்தை என்று எழுதியிருந்தது. வருடத்தைப் பார்த்தேன். பெரில் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவைத்த அதே வில்லியம். மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போய் டோரீனிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்வது அபூர்வம். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று இருவரும் யோசித்தோம். யாருக்கு நஷ்டம்? ஆனால் பெரிலுக்குத் தெரியாத ஒன்றை நான் வைத்துக்கொண்டு அவள் கையால் தேநீர் வாங்கிக் குடிக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அவளை வண்டியில் ஏற்றினேன். எங்கே என்று வழி நெடுகக் கேட்டாள். சேப்பல் வாசலில் நிறுத்தியதும் இறங்க மாட்டேன் என்றாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் போனேன்.

கல்லின் முன்னால் முழங்கால் வலியோடு மண்டியிட்டாள். ஈரத் துணியால் எழுத்துகளைத் துடைத்தாள். விரலால் தடவித் தடவி வாசித்தாள்.

"உக்கார்ற பெஞ்சுக்காகப் பாதிரியாரோட சண்டை போட்டாங்க. அது எனக்குத் தெரியும்" என்றாள் கடைசியில். "அப்புறம் மூணு வருஷம் சர்ச்சுல அவங்க பேரே இல்ல. ஒடம்பு சரியில்லாம இருந்திருப்பாங்கன்னு நெனச்சேன். ஒரு குடும்பமே மூணு வருஷம் ஒடம்பு சரியில்லாம இருக்குமா, லென்? இங்க வந்திருக்காங்க. என் ஆளுங்க. சேப்பலுக்கு."

"வந்தா என்ன, கூரை இடிஞ்சா விழுந்துருச்சு?" என்றேன். அவள் காதில் அது விழவில்லை.

"ஊரெல்லாம் பாடம் எடுத்தேன். நானே இவனைப் பொதைக்காம ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிட்டேன்" என்றாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். ஸ்டான் போனபோதுகூட இப்படி அழவில்லை. "அங்க போனது உங்க வில்லியம். மெர்வ் உன் சொந்தம். எனக்குன்னு ஒருத்தர் கெடச்சாரேன்னு இருந்தேன், லென்."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. எனக்கு எதற்கு இன்னொரு சொந்தம்? கடையில் திருப்பிக் கொடுக்க முடிந்தால் இருப்பதிலேயே பாதியைக் கொடுத்திருப்பேன். கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. செத்து இருநூறு வருடம் ஆன குழந்தை மேலா கோபப்பட முடியும்?

"இந்தக் கல்லைக் குப்புறப் போட்டு மேல அடுப்பைக் கட்டிடறேன். எனக்கு வேண்டாம் அந்த ஆளு. நீயே வச்சுக்கோ" என்றேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கர்னல் வீட்டுக்குப் போய்ச் சொன்னேனே" என்றாள். அவ்வளவுதான். எழுந்திருக்கக் கை கொடுத்தேன்.

மெர்வுக்கு முன்கூட்டியே எழுதிவிடலாம் என்று பார்த்தால் மனிதர் ஏற்கெனவே கிளம்பிவிட்டார். வழியில் சிங்கப்பூரில் யாரோ நண்பர் வீட்டில் தங்கி வருகிறாராம். முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் மரியாதை என்று பெரில் முடிவு செய்தாள். சனிக்கிழமை மதியம் வாடகைக் காரில் வந்து இறங்கினார். உயரமான ஆள், வெயிலில் வெந்த முகம், பெரிய காதுகள். அந்தக் காதுகளைப் பார்த்ததும் டோரீன் என் விலாவில் இடித்தாள். என் அப்பாவுக்கு அதே காது, எனக்கும் அதே காது. இத்தனை வருடம் கல்வெட்டும் காகிதமும் தேடியதற்கு ஆளை ஒரு தடவை பார்த்திருந்தால் போதும்.

வாசலிலேயே சொல்லிவிடலாம் என்றுதான் பெரில் நின்றாள். ஆனால் ஊர்ப் பெண்கள் விடுவார்களா? பெட்டியை அவள் வீட்டில் வைத்த கையோடு அவரை ஊர்க் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சுவரில் கசின் மெர்வுக்கு நல்வரவு என்று பெரிய எழுத்தில் துணி தொங்கியது. மேசை நிறைய ஹாம் சாண்ட்விச், சாசேஜ் ரோல், ஜாம் வைத்த ஸ்பாஞ்ச் கேக். நாற்பது பேரும் கையில் கோப்பையோடு நின்றார்கள். கர்னல் எழுந்து வரவேற்பு சொல்லத் தொண்டையைச் செருமினார். பெரில் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே முன்னால் வந்தாள்.

மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். குழந்தை, பெஞ்சு சண்டை, சேப்பல், கல், எதையும் விடவில்லை. தான் செய்தது தவறு என்றாள். சர்ச்சில் இல்லையென்றால் சாகவில்லை என்று நினைத்தது கர்வம் என்றாள். கூடத்தில் யார் முகத்திலும் ஈயாடவில்லை. வியாழக்கிழமைகளில் அவளிடம் திட்டு வாங்கிய பெண்கள் சந்தோஷப்படுவார்கள் என்று பார்த்தேன். இரண்டு பேர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"உங்க சொந்தக்காரர் அதோ அந்த ஓரத்துல மொறச்சுக்கிட்டு நிக்கறாரே, லென் பால்ட்ரி, அவர்தான். முகம்தான் அப்படி. மனுஷன் நல்லவர்" என்றாள் மெர்விடம்.

மெர்வ் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நீங்களும் நானும் எவ்வளவு தூரத்துச் சொந்தம்?" என்று கேட்டார்.

"சொந்தமே இல்ல. மேட்டு பால்ட்ரியும் பள்ளத்து பால்ட்ரியும் பங்காளியே கெடையாது. பதிவேடு இருக்கற காலம் வரைக்கும் பின்னால போய்த் தேடிப் பாத்தாச்சு."

"துளிகூட?"

"துளிகூட இல்ல" என்றாள் பெரில். சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

மெர்வ் தலையை ஆட்டினார். போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து சாசேஜ் ரோல் ஒன்றை மெதுவாகச் சாப்பிட்டார். பிறகு இன்னொன்று. பாவம், இடிந்து போய்விட்டார் என்று ஊரே உச்சுக்கொட்டியது. பெரில் என்னிடம் வந்து, முறைப்படி அவர் உன் வீட்டில்தான் தங்க வேண்டும், அவருடைய பெட்டியைக் கொண்டுபோ என்றாள். மஞ்சள் அடித்த அந்த அறையிலிருந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் படியிறங்கியபோது அவள் தன் வீட்டுக் கூடத்தில் வம்ச வரைபடச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பெற்ற பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது.

என் வீட்டில் அன்று இரவு என் புதுச் சொந்தக்காரர் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். டோரீன் சமைத்த ஆட்டுக்கறி ரோஸ்ட்டைச் சாப்பிட்டார், நன்றி சொன்னார், தூங்கப் போனார். ஆஸ்திரேலியாவில் பேச்சுக்கு வரி போடுகிறார்களா என்று டோரீனிடம் கேட்டேன். அவள் பாட்டுக்கு முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டு விளக்கை அணைத்தாள்.

காலையில் நான் அடுக்களைக்கு வந்தால் மெர்வ் மழமழவென்று சவரம் செய்து, கோட்டும் டையும் போட்டு உட்கார்ந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதானே, சர்ச்சுக்கா என்று கேட்டேன். இல்லை என்றார். முகம் கல்யாண மாப்பிள்ளை முகம் மாதிரி வெளிறியிருந்தது.

"இந்த நாட்டுல எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆம்பளை சொந்தம் நீங்கதான், லென். ஒரு எடத்துக்குப் போகணும். தனியாப் போகத் தைரியம் இல்ல. கூட வாங்க" என்றார்.

டோரீன் என் கோட்டை ஏற்கெனவே கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. தூறலில் இருவரும் மேட்டுத் தெரு ஏறினோம். பெரில் கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது, மேலே ஏப்ரன். மெர்வுக்குக் கொடுப்பதற்காகப் பள்ளத்து வில்லியத்தைப் பற்றிய காகிதங்களை ராத்திரியே கட்டி வைத்துவிட்டாள் போலிருக்கிறது. கட்டை நீட்டினாள்.

மெர்வ் அதை வாங்கி என் கையில் திணித்தார்.

"நாலு வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உங்களுக்கு எழுதறேன்" என்றார். "ஒவ்வொரு தடவையும் கசின்னு ஆரம்பிக்கறப்ப எனக்குக் கஷ்டமா இருக்கும். என்னடா இது, ரத்த சொந்தத்துக்கிட்டப் போய் இப்படித் தோணுதேன்னு வெக்கமா இருக்கும். நேத்து நீங்க அழாத கொறையாச் சொன்னீங்க. எனக்கு எந்திரிச்சு ஆடணும்போல இருந்துச்சு. நாற்பது பேர் இருந்தாங்களேன்னு சாசேஜ் ரோலை வாயில போட்டு அடச்சுக்கிட்டேன். பெரில், நீங்க எனக்கு யாரும் இல்ல. என் வாழ்க்கையில இதைவிட நல்ல செய்தியை யாரும் சொன்னதில்ல."

பெரில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்குப் புள்ளைங்க அஞ்சு பேர். பேரப் புள்ளைங்க பதினாறு. அத்தனை பேரையும் உங்க சுவத்துல எழுதிக்கலாம். என்னைக் கட்டிக்குவீங்களா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இங்கே பெண் கேட்க வந்த வீட்டுப் பெரியவராக நின்றுகொண்டிருக்கிறேன்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நல்ல செருப்பாவது போட்டுக்கொண்டு வந்திருப்பேன். ஏதாவது பேச வேண்டுமோ என்று வாயைத் திறந்தேன். பெரில் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன்.

அவள் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது. ஆனால் எங்கள் பெரில் என்றைக்கு வாய் வார்த்தையை நம்பினாள்? ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"உங்க மனைவியோட இறப்புச் சான்றிதழைப் பாக்கணும்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கல்யாணம் கேட்டு வந்த மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது? மெர்வ் அசரவில்லை. கோட்டின் உள்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். நாலு வருடப் பழக்கம் சும்மாவா! கேட்பாள் என்று தெரிந்தே கொண்டுவந்திருக்கிறார்.

பெரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தாள். முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தூறல் மழையாகிவிட்டது. மெர்வின் பெரிய காதுகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

காகிதத்தை அதன் பழைய மடிப்பிலேயே பதமாக மடித்து அவரிடம் கொடுத்தாள். "நல்லவங்களாத்தான் இருந்திருக்கணும்" என்றாள். பிறகு, "எல்லாம் சரியா இருக்கு. உள்ள வாங்க, மெர்வ்" என்றாள். குரல் உடைந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நானும் ஒரு காலைப் படியில் வைத்தேன்.

"நீ வீட்டுக்குப் போ, லென்" என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இருவரும் ஒரே நேரத்தில் பேசுவது வெளியே கேட்டது. டோரீனிடம் போய் முதலில் நான்தான் சொல்ல வேண்டும் என்று அந்த மழையில் ஓட்டமும் நடையுமாகப் பள்ளத்தில் இறங்கினேன்.